முழந்தாளும் களி உருண்டையும்



பாவசங்கீர்த்தனம் கேட்பது குருவின் கடமை. இத்திங்கள் அக்கடமையைச் சற்று நேரம் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு, நானே ஒரு குற்றத்தைச் சொல்லித் தொடங்குகிறேன்.

காரிமங்கலம் வட்டாரத்திற்கு நான் பணிக்கு வந்த புதிதில், ஞாயிறு திருப்பலியின்போது ஒருவர் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ 45 வயது, உழவர், உழைத்து உரமேறிய உடல். எழுந்தேற்ற வேளையில் ஆலயம் முழுவதும் முழந்தாளிடும். அவர் மட்டும் பின்பக்கத் தூணில் சாய்ந்தபடி நிமிர்ந்து நிற்பார். தலையைக்கூடத் தாழ்த்தமாட்டார். மூன்று ஞாயிறுகள் பொறுத்தேன். நான்காம் ஞாயிறு மறையுரையில், பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, "ஆண்டவர்முன் வளையாத முழங்காலும் உண்டோ?" என்று கேட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.

மனம் கேளாமல் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "தோத்திரம் சாமி" என்று கட்டிலிலிருந்து எழ முயன்றார். கையை ஊன்றி, இடுப்பை நிமிர்த்தி, மரக்கட்டையை நட்டுவைப்பது போல அவர் எழுந்து நின்ற காட்சியே என் கேள்விக்கு விடையாயிற்று. என் பக்கம் திரும்புவதற்கு அவருக்குக் கழுத்து உதவவில்லை. உடல் முழுவதையும் திருப்பினார். "வளையமாட்டேன் என்று நான் சொல்லவில்லை சாமி, வளையவில்லை, அவ்வளவுதான்" என்றார். அக்குரலில் சினம் இல்லை. அதனால்தான் அது என்னை இன்றும் சுடுகிறது.

அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். 10 வயது மகள் கதவோரம் நின்று சிரித்தாள். சிரித்த கணமே தாவணி முனையால் வாயை மூடிக்கொண்டாள். பல்லில் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்புக் கோடுகள். அந்தத் தாய் கேட்ட கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் களி இல்லாத நாளே இல்லை சாமி. ராகி எலும்புக்கு நல்லது என்று டாக்டரும் சொல்லுகிறார், வாத்தியாரும் சொல்லுகிறார். அதைத்தானே தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோம்? பின்னே, எங்கள் எலும்பு மட்டும் ஏன் சாமி இப்படி?"

எனக்கு அன்று விடை தெரியவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்தவனுக்கு எலும்பைப் பற்றியும் குடலைப் பற்றியும் என்ன தெரியும்? மருத்துவ நண்பர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் பின்னர் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அக்கேள்வி அந்த ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அன்று. இவ்வட்டாரத்துப் பல வீடுகளின் கேள்வி.

உண்டதெல்லாம் உடலில் சேர்வதில்லை

முதலாவது நாம் மனத்தில் இருத்த வேண்டியது இது. வாயில் இட்ட உணவு உடலுக்குள் போய்விட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது இன்னும் வெளியேதான் இருக்கிறது. வாய் முதல் மலவாய் வரை ஒரே நீண்ட குழாய். குழாயின் சுவரைக் கடந்து குருதியில் சேரும்போதுதான் உணவு நம்முடையதாகிறது. அவ்வாறு கடக்கும் வாயில் பெரும்பாலும் சிறுகுடலே.

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான தோல் அன்று. நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் பயிர் போல அதில் எண்ணிறந்த குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. ஒவ்வோர் உறிஞ்சியின் மேலும் உயிரணுக்கள்; ஒவ்வோர் உயிரணுவின் முகப்பிலும் தூரிகை மயிர் போல நுண்ணுறிஞ்சிகள். இத்தனை மடிப்புகளையும் விரித்தால் ஏறத்தாழ 30 சதுர மீட்டர் பரப்பு வரும் என்று 2014-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து கூறினர். ஓர் எளிய குடும்பத்தின் வீட்டுத் தரை அளவுக்கு நமக்குள் ஒரு களம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அக்களத்தின் உயிரணுக்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியனவாய் முளைக்கின்றன. இவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படும் களம் எதுவோ, அதுவே எளிதில் கெடவும் கூடியது. கேடு நீங்கினால் விரைவில் தேறவும் கூடியது. இதனைப் பின்னர் நினைவுகூர்வோம்.

மணியும் மூட்டையும்

இனி, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்துக்கு வருவோம். வளர்ந்த மனிதர் உடலில் ஏறத்தாழ 1 கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும். எஞ்சிய 1 பங்கே குருதியிலும் உயிரணுக்களிலும் உலவுகிறது. அந்த ஒரு பங்கு செய்யும் வேலையோ பெரிது.

1880-களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்னும் மருத்துவர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் இட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயம் நெடுநேரம் துடித்தது. வாலைவடிநீரில் உப்பைக் கரைத்ததாகவே அவர் எண்ணியிருந்தார். உதவியாளர் குழாய் நீரை ஊற்றியிருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. தூய நீரைப் பயன்படுத்தியபோது துடிப்பு அடங்கிற்று. குழாய் நீரில் கரைந்திருந்த கால்சியமே இதயத்தை இயக்கியது என்பதை அவர் 1883-இல் வெளியிட்டார். எலும்பின் செங்கல்லாகக் கருதப்பட்ட பொருள், உயிரணுக்களுக்கு ஆணையிடும் தூதனும் ஆகும் என்பதன் முதல் அறிகுறி அதுவே.

தூது எவ்வாறு நடைபெறுகிறது? நம் ஆலய மணியை எண்ணிப் பாருங்கள். ஊர் அமைதியாக இருப்பதால்தான் மணி ஒலிக்குப் பொருள் உண்டு. நாள் முழுவதும் இடைவிடாது அடிக்கும் மணியை யார் பொருட்படுத்துவர்? மேலும், மணி ஒன்றே ஆயினும் அடிக்கும் முறையால் செய்தி மாறுகிறது. மூவேளை செபத்துக்கு ஒரு முறை. திருப்பலிக்கு ஒரு முறை. சாவுக்கு ஒரு முறை. உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. உயிரணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் அளவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கே உள்ளே இருக்கும்படி அது இடையறாது வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. அந்த அமைதியின் நடுவே, வெளியிலிருந்தோ உட்கிடங்கிலிருந்தோ சிறிது கால்சியம் புகுந்தால், அதுவே மணியோசை. ஓசை எங்கே எழுந்தது, எத்தனை முறை எழுந்தது என்பதற்கேற்ப உயிரணு தன் வேலையைச் செய்கிறது.

சிறுகுடலில் இம்மணி ஒலிக்கும் வேளைகள் பல. கொழுப்பும் புரதத்தின் கூறுகளும் குடலின் முற்பகுதியை அடைந்தவுடன், அங்குக் காவலிருக்கும் சில உயிரணுக்கள் அவற்றைத் தொட்டறிகின்றன. அவற்றுள் கால்சியம் உயர்கிறது. உடனே அவை கோலிசிஸ்டோகைனின் என்னும் சுரப்பைக் குருதியில் விடுகின்றன. அச்செய்தி கிடைத்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பொழிகிறது. கணையம் செரிமான நீரை அனுப்புகிறது. கணைய உயிரணுவுக்குள்ளும் ஆணையிடுவது கால்சியமே. உணவைப் பிசைந்து முன்னே தள்ளும் குடல் தசை சுருங்குவதும் கால்சியத்தின் ஏவலாலேயே. குடலின் உயிரணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, வேண்டாதது புகாமல் வேலியிடுவதற்கும் கால்சியம் வேண்டும். அது இல்லையேல் பிடி தளர்கிறது. குருதியில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தொட்டறியும் உணர்வி ஒன்றை எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் முதலிய ஆய்வாளர்கள் 1993-இல் கண்டறிந்தனர்; அவ்வுணர்வி குடலிலும் உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. ஆக, கால்சியம் தான் மட்டும் உடலில் சேர்வதன்று. பிற சத்துகள் செரித்துச் சேர்வதற்கும் மணியடித்து வழிசெய்கிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுவதைக் கூர்ந்து நோக்குவோர் கண்டிருப்பர். கால்சியம் குடல் உயிரணுவுக்கு மணியோசை என்றால், எலும்புக்கு வேண்டிய கால்சியத்தை மூட்டை மூட்டையாக அதே உயிரணுவின் வழியே கடத்துவது எப்படி? ஒவ்வொரு மூட்டையும் மணியை இடித்துக்கொண்டு போனால் ஊரே கலங்கிவிடுமே!

இச்சிக்கலுக்கு உடல் கண்டுள்ள தீர்வு வியப்புக்குரியது. உயிரணுவுக்குள் கால்பிண்டின் என்னும் புரதம் சுமைகூலியைப் போலக் காத்திருக்கிறது. வாயிலில் நுழையும் கால்சியத்தை அது உடனே பற்றிக்கொண்டு, ஓசை எழாமல் மறுபக்கம் கொண்டுசேர்க்கிறது. அங்கே இறைப்பான்கள் அதைக் குருதியில் தள்ளிவிடுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் வாசர்மன் 1966-இல் கோழிக்குஞ்சின் குடலில் இப்புரதத்தைக் கண்டறிந்தார். வாயிற்கதவும் சுமைகூலியும் போதிய அளவில் உண்டாக வேண்டுமாயின் வைட்டமின் டி வேண்டும். அதனைப் பெரும்பாலும் நம் தோல், வெயிலின் துணையால் ஆக்கித் தருகிறது. குருதியில் கால்சியம் குறைந்தால் கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் சிறுநீரகத்துக்குச் சொல்கின்றன. சிறுநீரகம் வைட்டமின் டியை முடுக்கிவிடுகிறது. குடல் கதவைத் திறக்கிறது. இவ்வளவும் சரியாக நடந்தும், உண்ணும் கால்சியத்தில் வளர்ந்தவர் உடலில் சேர்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. பால்குடிக் குழந்தைக்கு இது பாதிக்கும் மேல்.

களியின் பெருமையும் அதன் பூட்டும்

ராகி என்றும் கேழ்வரகு என்றும் ஆரியம் என்றும் நாம் அழைக்கும் தானியத்தின் மதிப்பை இப்போது எடைபோடலாம். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் கால்சியமே உண்டு. நூறு கிராம் கேழ்வரகிலோ ஏறத்தாழ 350 மில்லிகிராம். தானியங்களுள் இதற்கு இணையாக வேறொன்றில்லை. நாளொன்றுக்கு வளர்ந்தவருக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. 150 கிராம் மாவில் கிண்டிய களி, அதில் பாதிக்குச் சற்று மேல் தருகிறது.

இது வெறும் கணக்கு அன்று. அரிசியையே நம்பிய தென்னாட்டு ஏழை உணவில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதைக் குன்னூர் உணவு ஆய்வு நிலையத்தார் 1930-களிலேயே எடுத்துரைத்தனர். பின்னர் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில், நம் தமிழ்நாட்டவரான வெ. சுப்பிரமணியன் இயக்குநராய் இருந்த காலத்தில், சிறுவர் உணவில் அரிசிக்குப் பதில் கேழ்வரகைப் படிப்படியாகச் சேர்த்து, உடலில் தங்கும் கால்சியத்தை அளந்தார்கள். கேழ்வரகு கூடக்கூட உடலில் தங்கிய கால்சியமும் கூடிற்று. அவ்வாய்வு 1959-இல் வெளிவந்தது. 2023-இல் நம் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும், நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. பாட்டிமார் அறிந்ததை அரசும் அறிந்துகொண்டது எனலாம்.

ஆயினும் கேழ்வரகில் ஒரு பூட்டும் உண்டு. அதன் தவிட்டில் பைட்டேட் என்னும் பொருள் இருந்து, கால்சியத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்டவை குடலின் வாயிலைக் கடப்பதில்லை. இப்பூட்டுக்குத் திறவுகோல் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. தானியத்தை ஊறவைத்து முளைகட்டினால், கரைத்த மாவை இரவு முழுவதும் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சினால், பைட்டேட் சிதைகிறது; சத்து விடுதலை பெறுகிறது. புளித்த கூழைப் பழங்காலத்து ஏழை உணவென்று இகழ்வோர் இதனைக் கருதிப் பார்ப்பாராக.

அப்படியானால் அந்தத் தாயின் கேள்வி இன்னும் வலுக்கிறது அன்றோ? களி நல்லது, கூழ் அதனினும் நல்லது. பின் எலும்பு ஏன் கெட்டது?

நீரில் ஒளிந்திருந்தது

விடை தட்டில் இல்லை, சொம்பில் இருந்தது.

நம் வட்டாரத்தின் அடித்தளம் கருங்கற்பாறை. அப்பாறையின் கனிமங்களில் ஃபுளோரைடு என்னும் பொருள் உறைந்திருக்கிறது. நிலத்தடி நீர் நெடுங்காலம் பாறையைத் தழுவிக் கிடக்கும்போது ஃபுளோரைடு அதில் கரைகிறது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை வேறுபாடும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருப்பதே விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நம் கிணறு ஒன்றில் 3 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெயிலில் ஏர் ஓட்டும் ஒருவர் நாளுக்கு 4 லிட்டர் குடித்தால் 12 மில்லிகிராம் உள்ளே போகிறது. சோற்றுக்கும் களிக்கும் குழம்புக்கும் ஊற்றிய நீர் தனிக்கணக்கு.

உட்சென்ற ஃபுளோரைடு எலும்பையும் பல்லையுமே நாடிச் செல்கிறது. பல் உருவாகும் பருவத்தில், அதாவது ஏறத்தாழ 8 வயதுக்குள், இந்நீரைக் குடிக்கும் குழந்தையின் பல்லில் வெண்மையாகவும் பின் பழுப்பாகவும் கறை தோன்றுகிறது. அது பல்லின் மேல் படிந்த அழுக்கு அன்று. பல்லுக்குள்ளேயே அமைந்துவிட்ட குறை. எந்தப் பற்பொடியாலும் போகாது. ஆண்டுகள் பல சென்றபின் எலும்பு பருத்து, மூட்டுகளில் நார்கள் கல்லாகி, கழுத்தும் முதுகும் இறுகுகின்றன. இதுவே ஃபுளோரோசிஸ். சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை ஷார்ட் என்னும் மருத்துவரும் அவரோடு உழைத்தவர்களும் ஆராய்ந்து 1937-இல் வெளியிட்டனர். இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் விரிவாக அறியப்பட்டது அப்போதுதான்.

இவ்விடத்தில் கால்சியம் மீண்டும் வருகிறது. கால்சியத்துக்கும் ஃபுளோரைடுக்கும் இடையே ஒரு பெரும் ஈர்ப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் எளிதில் கரையாத உப்பாகிவிடும். பாறையிடுக்கிலேயே இது நடக்கிறது: கால்சியம் மிகுந்த நீரில் ஃபுளோரைடு பெரும்பாலும் குறைவு, கால்சியம் குறைந்து காரத்தன்மை மிக்க நீரில் ஃபுளோரைடு கூடுதல். குடலிலும் இதுவே நடக்கிறது: வெறும் வயிற்றில் குடித்த ஃபுளோரைடு ஏறத்தாழ முழுவதும் உடலில் சேர்ந்துவிடும், பாலோ கால்சியம் நிறைந்த உணவோ உடனிருந்தால் அதில் ஒரு பங்கு கரையாத உப்பாகி மலத்தோடு வெளியேறும். எலும்பிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அங்கே நன்மையாக அன்று, தீமையாக. ஃபுளோரைடு ஏறிய எலும்பு முறைதவறி வளர்ந்து மேன்மேலும் கால்சியம் கேட்கிறது. உணவில் கால்சியம் குறைந்த குழந்தைகளிடம் இந்நோய் கால்களை வளைத்து இன்னும் கொடிதாகத் தோன்றுகிறது. முழங்கால்கள் உள்நோக்கி முட்டும் இக்கோலத்தை ஐதராபாத் தேசிய உணவூட்ட நிலையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 1973-இல் விவரித்தனர்.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் இன்று சொல்லக்கூடிய விடை இது: "அம்மா, உங்கள் களி உங்களைக் கைவிடவில்லை. அது இல்லாதிருந்தால் இதனினும் கேடு விளைந்திருக்கும். வாயிலில் நின்று தன்னால் இயன்றவரை அது தடுத்தது. ஆனால் நாளெல்லாம் சொம்பு சொம்பாக வந்த பகையை ஒரு களி உருண்டை எவ்வளவு தடுக்கும்?"

இன்னும் ஒன்று உண்டு. டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஏ. கே. சுசீலாவும் அவர் குழுவினரும், ஃபுளோரைடு மிக்க நீர் குடித்து வயிற்று உபாதையுற்றோரின் குடற்சுவரை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். முன்னர் நாம் கண்ட தூரிகை மயிர் போன்ற நுண்ணுறிஞ்சிகள் தேய்ந்து, சில இடங்களில் இல்லாமலே போயிருந்தன. களமே மொட்டையானால் விளைச்சல் ஏது? கால்சியம் மட்டுமன்றி இரும்பும் பிற சத்துகளும் சேர்வது குறைகிறது. 2010-இல் அக்குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு தாய்மாருக்கு மிகவும் இன்றியமையாதது. குருதிச்சோகையுற்ற கருவுற்ற பெண்கள் சிலரிடம், ஃபுளோரைடு உள்ள நீரையும் உணவையும் நீக்கி, கால்சியமும் இரும்பும் வைட்டமின் சி-யும் நிறைந்த உணவை உண்ணச் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோருக்குக் குருதியின் ஹீமோகுளோபின் உயர்ந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் குறைந்தன. குடலின் உயிரணுக்கள் சில நாட்களில் புதுப்பிக்கப்படுவன என்று சொன்னேன் அன்றோ? கேடு நீங்கினால் களம் மீண்டும் தளிர்க்கிறது. எலும்பில் ஏறியது எளிதில் இறங்காது; ஆனால் குடல் தேறும். நம்பிக்கைக்கு இடம் அங்கே இருக்கிறது.

வீட்டில் செய்யத்தக்கவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் நிறைவேறி, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. நம் பிள்ளைகளின் பல்லுக்கும் முதுகுக்கும் இது பெரும் கொடை. ஆயினும் நான் வீடுகளுக்குச் செல்லும்போது காண்பது என்ன? குடிப்பதற்குக் காவிரி நீரைக் குடத்தில் எடுத்துவைக்கிறார்கள். சோறாக்கவும் களி கிண்டவும் ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றுகிறார்கள். "குடிக்கிறதுக்குத்தானே சாமி நல்ல தண்ணீர்?" என்கிறார்கள். மாவும் அரிசியும் நீரைக் குடிக்கின்றன. அவற்றை நாம் உண்கிறோம். ஆகவே, குடிக்கும் நீர் எதுவோ அதுவே சமைக்கும் நீராகட்டும். கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும் ஆகும்.

நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகும். சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டியும் அதனை நீக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் கருவி நீக்கும். மழைநீரில் ஃபுளோரைடு ஏறத்தாழ இல்லை. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேமிப்பை வெறும் சட்டத்துக்காக அன்றி, நம் பிள்ளைகளுக்காகச் செய்வோம். உங்கள் கிணற்று நீரை மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பாருங்கள். அயலார் கிணறு நல்லதாயிருக்க, உங்களுடையது கெட்டதாயிருக்கலாம். பாறை வேலி பார்த்து ஓடுவதில்லை.

உணவில், களியும் கூழும் தொடரட்டும். முளைகட்டியும் புளிக்கவைத்தும் உண்ணுங்கள். முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கால்சியம் மிக்கவை. மோர், தயிர், இயன்றால் பால். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இவற்றின் வைட்டமின் சி இரும்பு சேர உதவும். தேயிலையில் இயல்பாகவே ஃபுளோரைடு உண்டு. உணவோடு குடித்தால் அது இரும்பையும் தடுக்கும். ஆகையால் கடுந்தேநீரைக் குறையுங்கள்; சாப்பாட்டோடு குடியாதீர்கள். வீட்டுக்குள்ளேயே நாளெல்லாம் இருப்போர், சிறப்பாகப் பெண்களும் முதியோரும், சற்று நேரமேனும் வெயிலில் இருங்கள். கதவு திறக்கும் சாவி அங்கே இருக்கிறது.

கருவுற்ற தாய்மாருக்கு ஒரு சொல். அரசு மருத்துவமனையில் இரும்பு மாத்திரையும் கால்சிய மாத்திரையும் தருகிறார்கள். இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். வாயிலில் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் உண்ணலாம். கால்சிய மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தாமாக வாங்கி விழுங்குவதும் நன்றன்று.

முதுகும் கழுத்தும் இறுகுகின்றன என்று ஐயுறுவோர் வீட்டிலேயே மூன்றைச் செய்து பார்க்கலாம்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுதல், மோவாயை மார்பில் படவைத்தல், இரு கைகளையும் விரித்து மடக்கிப் பிடரியைத் தொடுதல். இயலவில்லையாயின் மருத்துவரிடம் செல்லுங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். அவரே ஆய்ந்து சொல்வார். நாட்டு வைத்தியம், எண்ணெய்த் தேய்ப்பு என்று ஆண்டுகளைக் கழித்துவிடாதீர்கள்.

இறுதியாக

அந்தப் பெரியவரை மீண்டும் ஆலயத்துக்கு அழைத்துவந்தேன். எந்த மறையுரை மேடையிலிருந்து அவரைக் குத்திக்காட்டினேனோ, அதே மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் முதுகு நேரானது ஆணவத்தால் அன்று, தண்ணீரால் என்று எல்லாரும் அறியச் சொன்னேன். இப்போது முன்வரிசையில் அவருக்கென ஒரு நாற்காலி இருக்கிறது. எழுந்தேற்ற வேளையில் அவர் கண்களை மட்டும் தாழ்த்துகிறார். அதைவிட ஆழ்ந்த முழந்தாளிடுதலை நான் கண்டதில்லை.

அவர் முதுகை எவராலும் முன்போல் ஆக்க இயலாது. அவர் மகளின் பல்லின் கறையும் தானாக மறையாது. ஆனால் அவ்வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை தவழ்கிறது. மூத்த மகனின் பிள்ளை. அதற்குக் கூழ் காய்ச்சும் பாத்திரத்தில் ஊற்றப்படும் நீர் காவிரியிலிருந்து வருகிறது. பாட்டியார் அதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார். "இவன் பல் வெளுப்பாக முளைக்கட்டும் சாமி, அது போதும்" என்கிறார்.

இன்று மாலை அடுப்பில் உலை வைக்கும்போது, அன்பான தாய்மாரே, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த திங்களில் மீண்டும் சந்திப்போம்.